கம்பிக்குக் காவலிருந்த வினிஃப்ரெட்

தனக்கு மூன்று பிள்ளைகள் என்று உலு திராம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார் மரியநாதன். அவருடைய மனைவி வினிஃப்ரெட் பெற்றது இரண்டுதான். மூன்றாவது பிள்ளை பாசிர் கூடாங்கில், செம்பனை எண்ணெயைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஓர் ஆய்வகத்தில், ஒரு இயந்திரத்தின் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது. "அதுக்குக் காய்ச்சல் வந்தா இவளுக்குச் சோறு இறங்காது. எனக்கு வந்தா பனடோல் இருக்கிற இடத்தைக் காட்டுவா" என்பார். அதில் பொய் கொஞ்சம்தான்.

அந்த மூன்றாவது பிள்ளை ஒரு குழல். முப்பது மீட்டர் நீளம், மீன் பிடிக்கும் நரம்பை விடத் தடிமன் இல்லை, கண்ணாடியால் ஆனது, மேலே பழுப்புப் பூச்சு. எண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு துளியை, இயந்திரத்தின் சூடான வாய்க்குள் ஊசியால் குத்தி ஆவியாக்கி அதன் வழியே அனுப்பினால், துளிக்குள் இருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனையில் வந்து சேரும். ஒவ்வொன்றும் வரும்போது திரையில் ஒரு மேடு எழும்பும். கேஸ் குரோமட்டோகிராஃபி என்று அதற்குப் பெரிய பெயர் உண்டு. ஆனால் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் தனலெட்சுமி ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயே, இந்தக் கம்பிக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டதிலிருந்து அங்கே எல்லாருக்கும் அது கம்பிதான். மேலாளர் கமலநாதன்கூடக் கூட்டத்தில் வாய் தவறிக் கம்பி என்று சொல்லிவிட்டு, பிறகு திருத்துவதை விட்டுவிட்டார்.

வினிஃப்ரெட் அந்தக் கம்பிக்கு இருபத்திரண்டு வருடமாகக் காவல். ஒரே கம்பி இல்லை. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ மாறும். மற்ற ஆய்வகங்களில் நான்கைந்து மாறுமாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தானாகக் கொஞ்சம் உயரும். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில், மருந்தகத்தில் வேலை பார்த்தவரின் மகளாகப் பிறந்தவர். குப்பி என்று ஒன்றைக் கண்டால் அதில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டாமல் இருக்கமாட்டார். அவர் வீட்டுச் சமையலறையில் மஞ்சள்தூளுக்குக்கூடத் திறந்த தேதி உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்துப் பிரசவ வார்டில் படுத்திருந்தபோது ஆய்வகத்துக்குப் போன் போட்டு, "அடுப்பு ஆறுற வரைக்கும் கேஸை மூடிடாதீங்க" என்று சொன்னவர். கம்பி சுருண்டிருக்கும் அந்த இயந்திர அடுப்பு சூடாக இருக்கும்போது கேஸ் ஓட்டம் நின்று காற்று புகுந்துவிட்டால் கம்பிக்குள் இருக்கும் பூச்சு வெந்து போகும். நர்ஸ், வீட்டில் சமையல் அடுப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மரியநாதனைத் திட்டினாராம்.

கம்பியின் வாயில் அழுக்குச் சேர்ந்தால், சேர்ந்த நுனியில் ஒரு சாண் வெட்டியெறிந்துவிட்டு மறுபடி மாட்டவேண்டும். வெட்டும் ஒவ்வொரு முறையும் வினிஃப்ரெட் அன்று மதியம் சரியாகச் சாப்பிடமாட்டார். யாரால் வெட்ட நேர்ந்தது என்று தெரிந்தால் அவர்களும் சாப்பிட முடியாது. ஒரு முறை, பக்கத்து அறையில் வேறொரு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிராண்டன், வடிகட்டாத எண்ணெய்த் துளி ஒன்றைக் குத்திவிட்டான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனோடு பதினான்கு நாள் பேசவில்லை. பதினைந்தாவது நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆய்வகக் கதவில் அவர் ஒட்டிய அறிவிப்பு மூன்று மொழியில் இருந்தது. கைக்குப் பூசும் கிரீம் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அந்தக் கையோடு வரக்கூடாது, மிளகாய்ச் சம்பால் சாப்பிட்ட விரல் கூடாது, கையுறை இல்லாமல் யாரும் கூடாது. மாதத்துக்கொரு முறை கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். அங்கே அவர் சொன்னவை பெரும்பாலும் மற்றவர்கள் செய்த பாவங்கள்.

இப்படிப்பட்டவருடைய கம்பிக்குப் பேய் பிடித்தது.

எண்ணெய்த் துளி எதுவும் குத்தாமல், வெறும் கரைப்பானை மட்டும் குத்தி ஓட்டினால் திரையில் கோடு நேராகப் போகவேண்டும். அந்தத் திங்கட்கிழமை அப்படிப் போகவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மேடு, அதை ஒட்டி இன்னொன்று, சற்றுத் தள்ளி ஒரு குட்டி. எங்கிருந்தோ வரும் இப்படிப்பட்ட மேடுகளைப் பேய் மேடு என்றுதான் உலகம் முழுக்கச் சொல்வார்கள். வினிஃப்ரெட் கேஸ் வரும் வழியில் இருந்த வடிகட்டியை மாற்றினார். வாய்க்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயை மாற்றினார். கம்பியைச் சூட்டில் வைத்து இரவு முழுக்க வாட்டினார். வியாழக்கிழமைக்குள் மேடு குறைந்தது. "ஆள் யாருன்னு தெரியுமா? வினிஃப்ரெட்" என்று மரியநாதனிடம் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை பேய் மறுபடி வந்து உட்கார்ந்தது. ஒரு சாண் வெட்டினார். போகவில்லை. இன்னொரு சாண் வெட்டினார். மூன்றாவது திங்கட்கிழமை அது முன்னைவிட உயரமாக வந்தபோது அவர் வேறு வகையாக யோசித்தார். திங்கட்கிழமை என்ன நடக்கிறது? திங்கட்கிழமைதான் தனலெட்சுமி தரையை மருந்து போட்டுத் துடைக்கிறார். எலுமிச்சை வாசம் கமகமக்கும் மஞ்சள் மருந்து. முடிந்தது விசாரணை.

தனலெட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. மாசாயில் வீடு. ஒப்பந்தக் கம்பெனி ஆள். ஆறு வருடமாக அங்கேதான் வேலை. காலையில் உள்ளே நுழையும்போதே, "கம்பி பசியாறிடுச்சா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியை இறக்குவார். வினிஃப்ரெட் அவரை அந்த மூன்றாம் திங்கட்கிழமை கதவருகே நிறுத்திவைத்தார்.

"லெச்சுமி அக்கா, நீங்க ஊத்துற இந்த மருந்து எனக்குக் கம்பியில வந்து நிக்குது."

"நான் ஆறு வருஷமா இதத்தான் ஊத்துறேன் மிஸ்."

"இப்ப மருந்த மாத்திட்டாங்க. பாருங்க, புது போத்தல்."

"போத்தல்தான் மிஸ் புதுசு. வந்து... ஒண்ணு சொல்லட்டுமா?"

"கதவுல எழுதியிருக்குது இல்ல, படிச்சீங்களா? மூணு மொழியில எழுதியிருக்கேன்" என்றார் வினிஃப்ரெட்.

தனலெட்சுமி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மருந்தை மாற்றச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வினிஃப்ரெட் மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் கடைசியாக ஒரு வரி கூடுதலாக விழுந்துவிட்டது. வேறு ஆளைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று. கமலநாதன் அதை அப்படியே ஒப்பந்தக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார். இரண்டு நாளில் தனலெட்சுமியைச் செடெனாக்கில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி வேன் மாசாயில் காலை ஐந்து மணிக்கெல்லாம் ஆள் ஏற்றும், திரும்பிவர இரவு எட்டாகும். முட்டி வலிக்காரருக்கு அங்கே நான்கு மாடி. இதையெல்லாம் பிராண்டன்தான் பசியாறும் நேரத்தில் சொன்னான். சொல்லிவிட்டு வினிஃப்ரெட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கஷ்டம்தான்" என்றார் வினிஃப்ரெட். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி என்று ஒன்று இருக்கிறதே!

நான்காம் திங்கட்கிழமை. புதுத் துப்புரவாளர் வாசமில்லாத மருந்தால் துடைத்துவிட்டுப் போயிருந்தார். வினிஃப்ரெட் வெறும் கரைப்பானைக் குத்தினார். மேடு வந்தது. மூன்றும் வந்தன, கூட ஒரு நான்காவதும்.

"அலமாக்!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் பிராண்டன் கதவோரம் வந்து நின்றான். அவனுடைய இயந்திரம் ஒருபடி மேல். மேடு எழும்புவதோடு, அந்த மேட்டுக்குப் பெயரும் சொல்லும். "மிஸ், ஒரு தடவை என் மெஷின்ல ஓட்டிப் பாக்கலாமா? இப்ப உள்ள இருக்கிற ரப்பர் வில்லையைக் கழட்டிக் குடுங்க, போதும்."

கம்பியின் வாயை மூடி நிற்பது ஒரு ரப்பர் வில்லை, பத்துக் காசு அளவில். ஊசி அதைத் துளைத்துத்தான் உள்ளே போகும். துளைபட்டுத் துளைபட்டு உதிரும் என்பதால் வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலை, புதிது வைத்து மேலே மூடியைத் திருகவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதை வேறு யாரும் செய்ததில்லை. மற்ற நேரம் வினிஃப்ரெட் கையுறையோடுதான் இருப்பார். இதற்கு மட்டும் வலது கையுறையைக் கழற்றிவிடுவார். மூடி அதிகமாக முறுகினால் ரப்பர் நசுங்கும், குறைந்தால் கேஸ் ஒழுகும்; கையுறைக்குள் விரலுக்குக் கண் தெரியாது என்பது அவர் கட்சி. அறிவிப்பில் ‘யாரும் கூடாது’ என்று எழுதியவர் தன்னை அந்த ‘யாரும்’ கணக்கில் சேர்க்கவே இல்லை.

மதியம் பிராண்டன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். நான்கு மேட்டுக்கும் பக்கத்தில் பெயர் அச்சாகியிருந்தது. மென்தால். கற்பூரம். யூகலிப்டஸில் வருவது ஒன்று. சுளுக்குக்குப் பூசுவதில் வருவது ஒன்று.

"என்னா இது? யாரு இதெல்லாம் உள்ள கொண்டாந்தா?" என்றார் வினிஃப்ரெட்.

"தெரியல மிஸ்" என்றான் பிராண்டன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க அம்மா ஹேண்ட்பேக்கைத் தொறந்தா இப்படித்தான் இருக்கும்."

அவன் போன பிறகும் வினிஃப்ரெட் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். எத்தனையோ மூடி திருகிய விரல். இரண்டு மாதமாக அடிமூட்டில் வலி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘குடுங்க மிஸ், நான் திருகுறேன்’ என்று எவராவது கை நீட்டுவார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில், கார் நிறுத்துமிடத்திலேயே, கைப்பையிலிருந்து பச்சைத் தைலக் குப்பியை எடுத்து விரலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டுதான் மாடி ஏறுவார். வலி கூடக்கூடத் தைலமும் கூடியது. கோவிட் வந்துபோனதில் அவருக்குப் பாதி மூக்கு போய்விட்டது, வாசம் தெரியவில்லை. தைலம் ரப்பரில் ஊறி, சூட்டில் கசிந்து, கம்பிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் வெட்டியெறிந்த இரண்டு சாணும் ஒரு குற்றமும் அறியாதவை. அதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை, ஏனென்றால் அடுத்து வந்து நின்றது தனலெட்சுமியின் முகம்.

மறுநாள் கையுறையைக் கழற்றாமல் புது வில்லை வைத்தார். நன்றாகத் திருக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கோடு நேராகப் போனது. பேய் ஓடியே போய்விட்டது.

கமலநாதன் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி நீங்க! அந்தக் கிளீனர்தான்னு கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்களே" என்று தோளில் தட்டாத குறையாகப் பாராட்டினார்.

வாயைத் திறந்து சொல்லவேண்டிய இடம் அதுதான். வினிஃப்ரெட், "தேங்க்ஸ்" என்றார்.

செவ்வாய் போனது, புதன் போனது, வியாழனும் போனது. தான் வாயைத் திறக்காவிட்டால் தனலெட்சுமி காலம் பூராவும் செடெனாக்கில் மாடி ஏறவேண்டியதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருடப் பெயர், வாயைத் திறந்தால் ஒரே நாளில் கந்தலாகும் என்றும் தெரியும். காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. இப்போது வேன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்துக் கிடந்தார்.

வியாழன் இரவுச் சாப்பாட்டின்போது மரியநாதன் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்னா?"

"இந்த வாரம் யாரு மேலயும் நீ புகார் சொல்லல. நாலு நாளாச்சு. நான் பயந்துட்டேன்."

வினிஃப்ரெட் தட்டை நகர்த்திவிட்டு அழுதுவிட்டார். மரியநாதன் பதறிப்போனார். விஷயம் முழுவதும் கேட்டு முடித்தபின் அவருக்குச் சிரிப்பு வந்தது, நல்லவேளை, அடக்கிக்கொண்டார். "அந்தத் தைல வாசத்துல நான் ரெண்டு மாசமா தலையணைய மாத்திப் போட்டுப் படுக்குறேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கமலநாதனின் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னார் வினிஃப்ரெட். கிளீனர் இல்லை, என் கைதான். கமலநாதன் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வினிஃப்ரெட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒப்பந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் திரும்பி வர விரும்பினால் அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் விரும்பவேண்டுமே!

ஞாயிறு பூசை முடிந்ததும், ஒரு பை ஆரஞ்சோடு மாசாய் வீட்டு வாசலில் நின்றார். தனலெட்சுமி கதவைத் திறந்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். வினிஃப்ரெட் தம்ளரைத் தொடவே இல்லை.

"லெச்சுமி அக்கா, உங்க மருந்து இல்ல. என் கையில இருந்த தைலம். நான் தப்பா சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க. மேனேஜர் கம்பெனியில பேசிட்டாரு, நீங்க திரும்பி வரலாம்."

"தெரியும் மிஸ்" என்றார் தனலெட்சுமி.

"தெரியுமா?"

"திங்கக்கிழமையானா நீங்க படியேறும்போதே மருந்துக் கடை ஏறி வர்ற மாதிரி இருக்கும். எனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு."

"அப்ப ஏன்கா சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க கதவுல எழுதியிருந்ததக் காட்டுனீங்க."

வினிஃப்ரெட் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு மட்டுமா தெரியும்? மேனேஜரைத் தவிர லேப்ல எல்லாருக்கும் தெரியும். கேன்டீன்ல பேசிக்குவாங்க. உங்ககிட்ட யாரு மிஸ் போய்ச் சொல்றது? பிராண்டன் தம்பி ரெண்டு தடவை கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. நான் கடைசி நாளு அதுகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், நீ சொல்லாத தம்பி, உன் மெஷினைச் சொல்லச் சொல்லு, மெஷின் சொன்னா மிஸ் கேப்பாங்கன்னு."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வினிஃப்ரெட்டால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு பிழை செய்ததைவிட இது அதிகமாக வலித்தது. வருடக்கணக்காகக் கூடவே இருந்தவர்கள், ஒரு வார்த்தை சொல்லப் பயந்து, ஒரு பெண்ணைச் செடெனாக்குக்கு வண்டியேற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது தான்தான்.

"முதல் நாளு வேன்ல அழுதுட்டேன் மிஸ்" என்றார் தனலெட்சுமி. "பொய் சொல்லக்கூடாது, உங்களை நல்லா திட்டவும் திட்டினேன்."

"திட்டுங்க. இப்பவும் திட்டுங்க."

"இப்ப வரமாட்டேங்குது. ஆரஞ்சு வேற வாங்கிட்டு வந்துட்டீங்க." தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மைலோவைக் குடிங்க, ஆறிப்போச்சு. எங்க, அந்தக் கைய இப்படிக் குடுங்க."

வினிஃப்ரெட் கையை நீட்டினார். தனலெட்சுமி கட்டைவிரலின் அடிமூட்டை அழுத்திப் பார்த்தார். வினிஃப்ரெட் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டா இத்தனை நாளா திருகுனீங்க? நாளைக்கு நான் வர்றேன். ஆனா அந்த மூடிய நான்தான் திருகுவேன். சம்மதம்னா சொல்லுங்க, இல்லாட்டி செடெனாக்குலயே இருந்துக்குறேன். அங்க கேன்டீன் நல்லாருக்கு."

கம்பியைத் தொட இன்னொரு ஆளா? வினிஃப்ரெட்டின் வாயில் நான்கைந்து ‘ஆனா’ வந்து முட்டின. எல்லாவற்றையும் மைலோவோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "கையுறை போட்டுக்கணும்" என்றார்.

"ரெண்டு கைக்கும் போடுவேன் மிஸ்" என்றார் தனலெட்சுமி.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு காரணத்தால் அந்த அறையில் வேலை இருந்தது. பிராண்டன் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு நின்றான். தனலெட்சுமி இடுக்கியால் ரப்பர் வில்லையை எடுத்து வைத்தார். மூடியை வைத்துத் திருகினார். வினிஃப்ரெட் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம்... மெதுவா... போதும்கா, போதும்!" என்று தவித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஐந்தாவது நிமிடம் கடந்தது, பத்தாவது கடந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வினிஃப்ரெட் கைவைத்த இருபத்திரண்டு வருடத்திலும் அது அவ்வளவு நேராகப் போனதில்லை. அது மட்டும் அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அதையும் அவர் பிராண்டனிடம் வாய்விட்டே சொன்னார், அவன் முதல் முறையாக அவர் முகத்துக்கு நேரே சிரித்தான்.